நிழல் இன்ஸ்பெக்டரும் என் ஹிந்தியும்

1

வருகிற செவ்வாய்க்கிழமையோடு நான் மட்டாஞ்சேரிக்கு வந்து பதினாறு வருஷம். போன வருஷம் இதே சமயம் தென்காசியில் இருக்கிற அண்ணனுக்கு, "பதினைந்து வருஷமாக உப்புக்காற்றில் காய்கிறேன், இன்னும் கருவாடு ஆகவில்லை, சௌக்கியம்" என்று கார்டு போட்டேன். இந்த வருஷம் கேலி வரவில்லை. எழுத உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பு பற்றவைக்க மறந்து வாசலில் போய் நிற்கிறேன். தபால்காரர் எங்கள் வரிசை வீடுகளின் முனையில் சைக்கிளைச் சாய்த்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுகிறேன். நிறுத்தாமல் போனால் அவர் பின்னாலேயே முனை வரை போகிறேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் இசக்கி என்று ஒரு கொத்தனார் இருக்கிறான், சங்கரன்கோவில் பக்கத்துக்காரன். அவன் வலது கையில் மூன்று விரல் ஒடிந்திருக்கிறது. அது எப்படி ஒடிந்தது என்று ஒரு காகிதத்தில் பொய் எழுதியிருக்கிறது. எழுதியது போலீஸ். அதை அவனுக்குத் தமிழில் படித்துச் சொன்னதாகக் கையெழுத்துப் போட்டது நான்.

"பிழைக்கப் போன ஊரின் அனுபவத்தை எழுதுங்கள்" என்று நம்ம ஊர்ப் பத்திரிகைக்காரர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கப்பலிலும் விமானத்திலும் போனவர்கள் எழுத வேண்டியதை, செங்கோட்டை மலைக் குகையைத் தாண்டி ரயிலில் வந்த நான் எழுதுவதா? ஆனால் பாஷை மாறினால் வெளிநாடுதான். இங்கே நாங்கள் "பாண்டி"கள். ஊருக்கு வந்தால் என் மகளை நீங்கள் "மலையாளத்துப் பொண்ணு" என்கிறீர்கள். போதாதா?

2

என் அப்பாவுக்கு ஒரு பைத்தியம். மகள் ஹிந்தி படித்தால் ரயில்வேயில் உத்தியோகம் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்போது தென்காசி ஸ்டேஷன் பலகையிலேயே ஹிந்தி எழுத்தின் மேல் தார் பூசியிருந்தது. வாத்தியார் பாடப் புத்தகத்தைக் காய்கறிப் பைக்குள் வெண்டைக்காய்க்கு அடியில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். கதவைச் சாத்திக்கொண்டு, திருட்டு மாங்காய் தின்கிற மாதிரி படித்தேன். மூன்று பரீட்சை பாஸ் செய்தேன். உத்தியோகம் வரவில்லை, வரன் வந்தது. சர்ட்டிஃபிகேட் மூன்றும் டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடந்தன.

தார் பூசினவர்களைத் தேடி ஒருநாள் போலீஸ் எங்கள் தெருவுக்கு வந்தது. பூசினவர்கள் எப்போதோ ஓடிவிட்டார்கள். ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிற ஒருவன் கறுத்த கையோடு வாசலுக்கு வந்தான். அவனைப் பிடித்து நடுத்தெருவில் அடித்தார்கள். அவன் கையில் இருந்தது அடுப்புக்கரி என்று தெருவுக்கே தெரியும். என் அப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லாமலா பிடிப்பான்? நெருப்பில்லாமப் புகையாது" என்று சொல்லிவிட்டுத் திண்டில் சாய்ந்துகொண்டார். நல்ல மனுஷர்தான் அவர். அந்த வார்த்தையை நான் இருபது வருஷம் கழித்து இங்கே, வேறு பாஷையில், திரும்பக் கேட்டேன்.

3

என் வீட்டுக்காரர் முத்தையா. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். கார்ப்பரேஷன் மராமத்துப் பிரிவில் பெயிண்டர், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. தமிழ் பேசுவார், எழுத வராது. மகள் சுகந்தி பத்தாம் வகுப்பு. தமிழ் எழுத்து அவளுக்குப் படம் பார்க்கிற மாதிரி. மாமா கடிதம் வந்தால், "அம்மே, வாயிச்சுத் தாங்க" என்று நீட்டுவாள். இசக்கியைப் போல் புதிதாக வந்தவர்கள் தெருவில் சத்தமாகத் தமிழ் பேசினால் அவளுக்கு வெட்கம். "நம்மள் அவங்களைப் போலெயல்லல்லோ அம்மே" என்பாள். அப்படிச் சொல்லாதே என்று நான் அதட்டியதில்லை. ஏன், கேட்க எனக்கும் கொஞ்சம் சுகமாகத்தான் இருந்தது.

எங்கள் வரிசையில் முதல் வீடு ஸுலேகா இத்தாவுடையது, இத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவர் புருஷன் வளைகுடாவில் இருக்கிறார். அவர் கொண்டுவந்த கலர் டி.வி.க்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேராவது உட்காருவோம். டெல்லியிலிருந்து எல்லாம் ஹிந்தியில்தான் வரும். மலையாளிக்கும் புரியாது, தமிழனுக்கும் புரியாது. பெரிய சமத்துவம்! அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வாயடங்காமல் ஒரு வசனத்துக்கு அர்த்தம் சொன்னேன். இருபது தலையும் திரும்பியது. "எடீ பாரூ, நினக்கு ஹிந்தி அறியாமோ?" என்று இத்தா வாயைப் பிளந்தார். பார்வதி என்கிற என் பெயர் அவர் வாயில் பாரூ. அன்றிலிருந்து டி.வி.க்குப் பக்கத்தில் எனக்கு மட்டும் நாற்காலி. சாயா எனக்குத்தான் முதலில் வரும். அப்பா காய்கறிப் பையில் வரவழைத்த படிப்பு அங்கேதான் உத்தியோகம் பார்த்தது.

இந்த வருஷம் எல்லாரும் உயிரை விட்ட தொடர் ஒரு மாயக்கதை. ஓர் இன்ஸ்பெக்டருக்கு ஒரு ஃபக்கீர் செம்பு விசில் ஒன்று கொடுப்பார். அதை ஊதினால் இன்ஸ்பெக்டரின் நிழல் சுவரிலிருந்து இறங்கி வெளியே போகும், கதவிடுக்கில் நுழையும், கள்ளனின் கழுத்தைப் பிடிக்கும். அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனில் எல்லார் கண்முன்னாலும் டீ குடித்துக்கொண்டிருப்பார். அடித்தது யார் என்று ஒருத்தரும் கேட்க முடியாது. எங்கள் ஆட்களுக்குப் புல்லரிக்கும். "நிழல் ஏமான்" என்று பெயர் வைத்தார்கள். ஏமான் என்றால் இங்கே போலீஸ்காரரைக் கும்பிட்டுக் கூப்பிடுகிற வார்த்தை. படகில் வேலை பார்க்கிற சேவியர் சேட்டன் நிழல் புறப்பட்டதும் எழுந்து நின்று, "கொடுக்கு ஏமானே, ரெண்டு கொடுக்கு!" என்று கத்துவார். இசக்கி விசில் அடிப்பான். என் மகள், "ஞானும் போலீஸாவும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, நிழல் ஒரு சலவைக்காரனின் கழுத்தைப் பிடித்தது. அவன் கண் பிதுங்கக் கிடந்தான். ஏட்டு ஓடிவந்து இன்ஸ்பெக்டரிடம் ஏதோ சொன்னான். இன்ஸ்பெக்டர் டீயை ஊதிக்கொண்டே பதில் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆள் மாறிவிட்டது என்கிறான் ஏட்டு. "தெரியும். ஊர் பயந்தால் போதும், இவன் இல்லாவிட்டால் இன்னொருவன்" என்கிறார் இவர்.

"எந்தா பறஞ்ஞது? எந்தா பறஞ்ஞது?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். சுகந்தி தரையில் உட்கார்ந்து என் முகத்தையே அண்ணாந்து பார்க்கிறாள், கண் பளபளக்கிறது. உண்மையைச் சொன்னால் அந்த அறையே சப்பென்று ஆகிவிடும். ஏமானை வெறுத்தாலும் வெறுப்பார்கள். தொடரை விட்டால் என் நாற்காலி? வாய் தானாகச் சொல்லிவிட்டது: "சலவைக்காரன் தப்பை ஒத்துக்கிட்டானாம். அவன்தான் கள்ளனாம்."

கைதட்டல். சேவியர் சேட்டன் தொடையில் அடித்துக்கொண்டார். ஒரே ஒருத்திதான் தட்டவில்லை. இசக்கியின் பெண்டாட்டி பேச்சி. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஹிந்தி என்ன, மலையாளமே அவளுக்கு அரைகுறை. டி.வி.யில் வசனம் ஓடும்போது மூஞ்சிகளை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். மெதுவாக என் முழங்காலைத் தொட்டு, "யக்கா, அவன் மூஞ்சியப் பாத்தா களவாணி மாதிரி தெரியலியே. டீ குடிக்கானே, அவன் மூஞ்சிதான் சரியில்ல" என்றாள்.

"பேசாம பாரு பேச்சி. உனக்கு ஹிந்தி தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்றேன். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு எனக்குப் பழகிவிட்டது. ஒரு வாரம் லஞ்சம் வாங்கினார், அநாதை ஆசிரமத்துக்கு நன்கொடை என்று சொன்னேன். ஒரு வாரம் சாட்சியை மிரட்டினார், அறிவுரை சொன்னதாகச் சொன்னேன். டெல்லிக்காரன் ஒரு கதை காட்டினான், மட்டாஞ்சேரி வேறு கதை பார்த்தது. என் கதையில் பிடிபட்டவன் ஒருவன்கூட நிரபராதி இல்லை.

4

இசக்கிக்கு அந்த மாதம் பஜாரில் ஒரு கிடங்கில் பூச்சு வேலை. கடல் ஈரத்தில் சுவர் உதிர்ந்து கொண்டிருக்கும் பழைய கிடங்கு. ஒரு புதன்கிழமை அங்கே ஏலக்காய் மூட்டை ஒன்று குறைகிறது என்றார்கள். உள்ளே போய்வந்தவர்கள் பதினைந்து பேர். போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது இசக்கியை. பதினைந்து பேரில் அவன் ஒருவன்தான் பாண்டி.

பேச்சி வரிசை முழுக்க வீடு வீடாக வந்து நின்றாள். யாராவது பெரிய மனுஷர் ஸ்டேஷனுக்குக் கூட வந்தால் போதும் என்றாள். சேவியர் சேட்டன் கெட்டவர் இல்லை, போன மழையில் இசக்கி வீட்டுக் கூரையில் ஏறி ஓடு மாற்றிக் கொடுத்தவர். அவர் சொன்னார்: "ஒந்நுமில்லாதெ பிடிக்குமோ? ஏமான்மார்க்குத் தெற்றில்லா." ஏமான்மாருக்குத் தப்பே வராதாம். ஸுலேகா இத்தா கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "நமுக்கு எந்தறியாம், பாரூ. ஆளெ கண்டால் பாவம். பக்ஷே உள்ளில் எந்தாணெந்நு யாருக்கறியாம்?" என்றார். ஆளைப் பார்த்தால் பாவம்தான், ஆனால் உள்ளே என்ன இருக்கிறதோ என்று. போன ஞாயிறு வரை இசக்கியோடு ஒரே பாயில் உட்கார்ந்து கைதட்டினவர்கள்தான். என் மகளும், "வெறுதே பிடிக்குமோ அம்மே?" என்று கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு அப்பா திண்டில் சாய்ந்தது ஞாபகம் வந்தது.

இதையெல்லாம் டி.வி. மட்டும் சொல்லிக்கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. டி.வி. வருவதற்கு முன்னாலேயே அடுப்புக்கரிக் கை அடி வாங்கியிருக்கிறது. ஆனால் சந்தேகப்படலாம் என்று டெல்லிக்காரனே காட்டியதை மறைத்தது நான்தானே?

மறுநாள் மத்தியானம் ஒரு போலீஸ்காரர் என்னைத் தேடி வந்தார். தமிழ் ஆட்களுக்கு மனு, ரேஷன் கார்டு விண்ணப்பம் எல்லாம் படித்துச் சொல்கிறவள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன், இந்தப் பக்கத்தில் ஒன்றா இரண்டா. பேச்சியும் கூட வந்தாள். அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

உள்ளே என்னை யாரும் மிரட்டவில்லை. அதுதான் வினை. ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிறவரை ரைட்டர் என்பார்கள். அவர் எழுந்து நாற்காலி போட்டார். "இரிக்கு சேச்சீ. சேச்சி படிப்புள்ள ஆளல்லே?" என்றார். பதினாறு வருஷத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை. மூலையில் ஒரு ஏட்டு கண்ணாடி டம்ளரில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை இந்தப் பக்கத்தில் "இடியன்" என்று சொல்வார்கள், கை அவ்வளவு பலம். டம்ளருக்கு மேலாக ஒரு தரம் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

காகிதம் மலையாளத்தில் இருந்தது. நான் மலையாளம் விரல் வைத்து மெதுவாகப் படிப்பேன். "கிடங்கில் பூச்சு வேலை செய்யும்போது ஏணி சரிந்து விழுந்து எனக்கு வலது கையில் காயம் ஏற்பட்டது. ஸ்டேஷனில் யாரும் என்னைத் தொடவில்லை. எனக்கு யார் மேலும் புகார் இல்லை." அடியில், இதை இசக்கிக்குத் தமிழில் வாசித்துச் சொன்னேன், அவனுக்குப் புரிந்தது என்று ஒரு வரி. அங்கே என் கையெழுத்து வேண்டும்.

"இது ஒப்பிட்டால் ஆளெ இப்பத்தன்னே கொண்டு போகாம்" என்றார் ரைட்டர். ஒப்பு என்றால் இங்கே கையெழுத்து.

இசக்கியைக் கூட்டிவந்தார்கள். வலது கையை இடது கையில் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். விரல்கள் வீங்கி நீலம் பாரித்திருந்தன. என்னைக் கண்டதும் அவன் முகத்தில் வந்த தைரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. "யக்கா, நீங்க வந்துட்டீயளா? என்னக்கா எழுதியிருக்கு?" என்றான்.

பாம்பும் சாகணும், தடியும் உடையக் கூடாது என்று என் புத்தி கணக்குப் போட்டது. உள்ளதைச் சொன்னால் கைநாட்டு வைக்கமாட்டேன் என்பான். வைக்காவிட்டால் இன்னொரு நாள் உள்ளே கிடப்பான், அடுத்த கையும் போகும். என் வீட்டுக்காரர் வேலை நிரந்தரம் ஆகவில்லை என்பதும் அந்த நிமிஷத்தில் ஞாபகம் வந்தது, மறைக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் குரல் தானாக வந்தது.

"உன்னை விட்டுடறதா எழுதியிருக்கு இசக்கி. கைநாட்டு வை."

அவன் சிரித்துக்கொண்டே இடது பெருவிரலை மையில் ஒற்றி வைத்தான். நான் பேனாவை வாங்கிக் கீழே தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டேன். பேச்சியை உள்ளே விட்டிருந்தால் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள்.

5

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டாராம். ஸ்டேஷனிலிருந்து கூட வந்த ஆள், "ஏணி" என்றானாம். மூன்று விரலில் ஒன்று இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். கொத்துக்கரண்டி பிடிக்கிற கை. களமசேரியில் அடுத்த வேலைக்குக் கூப்பிட்டிருந்த மேஸ்திரி, ஸ்டேஷன் போய்வந்தவன் வேண்டாம் என்று வேறு ஆளை எடுத்துக்கொண்டார்.

எட்டு நாள் கழித்து மூட்டை கிடைத்தது. யாரும் திருடவில்லை. கிடங்கிலேயே வேறு மார்க்கு போட்ட அடுக்குக்குள் மாறிப்போய்க் கிடந்திருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "இது கிட்டி, வேற எந்தெங்கிலும் எடுத்திரிக்கும்" என்றார் சேவியர் சேட்டன். இது கிடைத்துவிட்டால் என்ன, வேறு ஏதாவது எடுத்திருப்பானாம்.

என் வீட்டுக்காரர் அன்று சாயந்திரம் இசக்கியைப் பார்க்கப் போனார். அதிகம் பேசாத மனுஷர். திரும்பி வந்து கைலியை உதறிக் கட்டிக்கொண்டு, "பார்வதி, அது ஏணி செஞ்ச வேலை இல்ல, கேட்டியா" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஏணியிலிருந்து நான் ரெண்டு தடவை விழுந்திருக்கேன். குதிகால் போகும், இடுப்பு போகும். கையை ஊணினா மணிக்கட்டு போகும். விரல் மட்டும் வரிசையா ஒடியாது. அது மேசையில வெச்சு அடிச்சது." பீடியைப் பற்றவைத்தார். "நீ என்னத்துலயோ ஒப்பிட்டியாமே. படிச்சிட்டுத்தானே ஒப்பிட்ட?"

நான் உலையில் தண்ணீர் வைக்க எழுந்து போனேன். அதற்குப் பிறகு எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. படகுத்துறைக்குப் போவேன், எறணாகுளம் படகு வருவதையும் போவதையும் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் திரும்புவேன். சுள்ளிக்கல் வரை நடந்துபோய் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். குழம்பில் இரண்டு தரம் உப்புப் போட்டேன். என்ன எழுதியிருந்தது என்று பேச்சி கேட்கமாட்டாளா என்று இருந்தது. கேட்டுவிடுவாளோ என்றும் இருந்தது.

6

அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை இசக்கி டி.வி. பார்க்க வந்தான். வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் சுவரோரம் உட்கார்ந்தான். பாயில் அவனைச் சுற்றி ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பேச்சி வழக்கம்போல என் காலடியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு நிழல் ஒரு பழ வண்டிக்காரனைப் பிடித்தது. இன்ஸ்பெக்டரின் பெண்டாட்டி கேட்கிறாள், "அவன் நிரபராதி என்று உங்களுக்குத் தெரியாதா?" இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எந்தா பறஞ்ஞது, பாரூ?"

சுவரோரம் மாவுக்கட்டு வெள்ளையாகத் தெரிந்தது. "பிடிச்சவன் கள்ளனா இல்லையான்னு எனக்குக் கவலை இல்ல. நான் பிடிச்சா அவன் கள்ளன்தான்னு ஊர் நம்புதே, அது போதும்னு சொல்றான்" என்றேன். மலையாளத்திலும் ஒரு தரம் சொன்னேன்.

சேவியர் சேட்டன் எழுந்தார். "ஏமான் அங்ஙனெ பறயில்லா!" அவருக்கு நிஜமாகவே கோபம், என் மேல். "சேச்சிக்கு இந்நு தெற்றிப்போயி."

"தெற்றல்ல சேட்டா. இதுவரைக்கும் சொன்னதுதான் தெற்று. சலவைக்காரன் கள்ளன் இல்ல. ஆசிரமத்துக்கு யாரும் நன்கொடை கொடுக்கல. எல்லாம் நான் சொன்ன கள்ளம்."

"பாரூ, நினக்கு சுகமில்லே?" என்று இத்தா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சுகந்திக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அம்மைக்கு ஹிந்தி மறந்நுபோயி" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். பதினேழு ஞாயிறு பொய் சொன்னேன், ஒருத்தரும் என் ஹிந்தியைச் சந்தேகப்படவில்லை. ஒருநாள் உண்மை சொன்னதும் எனக்கு பாஷையே தெரியாமல் போய்விட்டது! திரையில் ஏமான் டீயை உறிஞ்சினார். சேவியர் சேட்டன் வீம்புக்குக் கைதட்டினார்.

பேச்சி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு பக்கம் திரும்பினேன். அவள் விடவில்லை.

"யக்கா, அன்னிக்கு அந்தக் காயிதத்துல என்ன எழுதியிருந்துச்சு?"

இருபது பேருக்கு முன்னால் சொன்னேன். ஏணி, யாரும் தொடவில்லை, புகார் இல்லை, எல்லாவற்றையும். மறக்கவா செய்யும்? இசக்கி தலையைத் தூக்கி, "நான் ஏணியில ஏறவேயில்லியே யக்கா. கீழ நின்னுல்லா பூசினேன்" என்றான். குரலில் கோபம்கூட இல்லை. புரியாமல் கேட்கிற குழந்தை மாதிரி இருந்தது. அதைவிட அவன் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

பேச்சி அடித்தாள், வாயால். "உங்கள நம்பித்தான விரலை வச்சாரு. அந்த ஏட்டு மூஞ்சி எனக்குத் தெரியும், அவன்ட்ட நான் ஏமாற மாட்டேன். உங்க மூஞ்சிய நான் பாக்காமப் போயிட்டனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இத்தா எழுந்து டி.வி.யை அணைத்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

7

அன்று மத்தியானமே மனு எழுத உட்கார்ந்தோம். எறணாகுளத்தில் இருக்கிற மேலதிகாரிக்கு. எனக்கு மலையாளம் வாசிக்க வரும், எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். எழுத்துக்கு சுகந்திதான். காலையில் என்னை அத்தனை பேர் முன்னால் விட்டுக்கொடுத்தவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நோட்டின் நடுத்தாளைப் பிய்த்து எடுத்தாள்.

"கையெழுத்துப் போட்டதை மாத்திச் சொன்னா கேஸ் நம்ம பேர்ல வரும், கேட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வரட்டும்."

கொஞ்ச நேரம் பீடியை உருட்டிக்கொண்டிருந்தார். "எழுதறதுன்னா ஏணி விஷயத்தையும் எழுது. கார்ப்பரேஷன் பெயிண்டர் முத்தையா சொன்னதுன்னு என் பேரையும் போட்டுக்கோ." இந்த மனுஷரை நான் பதினாறு வருஷமாக வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல சுகந்தி மலையாளத்தில் எழுதினாள். கிடங்கு, பதினைந்து பேர், மூட்டை கிடைத்தது, விரல்கள். கடைசியில் சொன்னேன்: "காகிதத்தில் இருந்ததை நான் இசக்கியிடம் மறைத்தேன். தெரிந்தேதான் வேறு சொன்னேன். நான் சொன்னது பொய்." பேனா ஒரு நொடி நின்றது, பிறகு ஓடியது. எழுதி முடித்து மளமளவென்று வாசித்துக் காட்டினாள். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. "கொண்டா" என்று வாங்கி விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

அந்த இடத்தில், "எனக்கு மலையாளம் சரியாகத் தெரியாததால் தவறு நேர்ந்துவிட்டது" என்று எழுதியிருந்தாள்.

நிமிர்ந்து பார்த்தேன். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது. "கள்ளம் பறஞ்ஞுன்னு எழுதினா அம்மையைப் பிடிச்சுட்டுப் போவாங்க. அந்த இடியன் அங்கே இருக்கான்ல?" என்றாள். பயத்தில் தமிழ் தானாக வந்தது அவளுக்கு. என் பெண்தான், சந்தேகமில்லை. ஏமானுக்கு நான் செய்ததை இவள் எனக்குச் செய்திருக்கிறாள். திட்ட வாயெடுத்தவள் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன்.

"அந்த வரியை அடிச்சிட்டு நான் சொன்னதை எழுது மோளே" என்றேன்.

அடித்தாள். எழுதினாள். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு கடைசி வீட்டுக்குப் போனோம். இசக்கி வாசல் கல்லில் உட்கார்ந்திருந்தான். பேச்சி என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கையோடு கொண்டுபோன மைப்பெட்டியை வைத்துவிட்டு, "நான் படிக்கல, இவ படிக்கட்டும்" என்றேன். தெருவில் தமிழ் பேச வெட்கப்படுகிற என் மகள், தெருவுக்கே கேட்க, முதலிலிருந்து கடைசி வரை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. "என் அம்மை பொய் சொன்னாங்க" என்கிற இடத்தில் குரல் உடைந்தது, நிறுத்திவிட்டு மறுபடி சொன்னாள்.

பேச்சி காகிதத்தைப் பார்க்கவேயில்லை. ஆரம்பத்திலிருந்து சுகந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும் மைப்பெட்டியைத் திறந்து புருஷன் பக்கம் நகர்த்தினாள்.

"புள்ள உள்ளதத்தான் சொல்லுது. வைங்க" என்றாள்.